நெடுவழி நடையும் பாதக் காப்பும்

வழிநடத்தலையே பொருளாகக் கொண்டு ஒரு நூல்வகையை வகுத்த மொழி நம் தமிழ்மொழி. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்ப்பட்ட மற்றொரு பாணனுக்கு நெறி காட்டுவதாக அமைந்தனவே ஆற்றுப்படைகள். எவ்வூரில் எவ்வுணவு கிடைக்கும், எக்காட்டில் எவ்விடர் உண்டு என்பனவெல்லாம் அவற்றிலே விரித்துரைக்கப்பட்டுள்ளன. செருப்புக்குத் 'தொடுதோல்' என்றொரு பெயரும் சங்கச் செய்யுட்களில் வழங்குகின்றது. சிலப்பதிகாரத்தையோ சொல்ல வேண்டுவதில்லை. புகாரிலிருந்து புறப்பட்ட கண்ணகி சிறிது தூரம் நடந்தவுடனேயே, மதுரை எங்கேயுள்ளது என வினவுகின்றாள். கவுந்தியடிகள் இருவழியிலும் உள்ள இடர்களை எடுத்துக் கூறி, ஆராய்ந்து நடக்குமாறு அறிவுறுத்துகின்றார். பின்னர், பகல் வெப்பத்தைக் கண்ணகியின் பாதங்கள் தாங்கா என்று கண்ட கோவலன், இரவிலே நிலவொளியில் நடப்பதற்கு அடிகளின் இசைவைப் பெறுகின்றான். காவியச் சுவைக்காக மட்டும் இவற்றைப் படித்து விடுகின்றோம். நெடுவழி நடப்பார்க்கு இன்று வைத்தியர் கூறும் அறிவுரையின் பாதி இவற்றுள் அடங்கியிருத்தலை நோக்குவாரில்லை.

வண்டியும் பேருந்தும் மோட்டார்ச் சைக்கிளும் மலிந்த இக்காலத்தில் நெடுநடை எவர்க்கு வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டிலே அழியாது நிற்கும் நெடுநடை ஒன்று உண்டு. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் சந்நிதானத்திற் புறப்பட்டு, வற்றாப்பளைக் கண்ணகை அம்மன், திருகோணமலைக் கோணேசர், வெருகல், சித்தாண்டி, மாமாங்கம், மண்டூர், திருக்கோவில் முதலிய தலங்களைத் தரிசித்துக்கொண்டு, உகந்தைமலையைக் கடந்து, காட்டு வழியாகக் கதிர்காமத்தை அடையும் பாதயாத்திரையே அது. 1983 இன் பின்னர் போர்ச்சூழலால் இந்நெறி பெரிதும் தடைப்பட்டிருந்தது. 2009 இல் போர் முடிந்தபின் வடபாலிருந்து நடப்பார் தொகை மீண்டும் பெருகியுள்ளது. வைகாசியிற் புறப்படுவோர் ஆடிவேல் விழாக் கொடியேற்றத்தையொட்டிக் கதிர்காமம் சேர்வர். வழி முழுதும் 500 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. அடியொன்று 70 சதமமீற்றர் என்று கொண்டாற்கூட, ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட அடிகள் வைக்க வேண்டும். பாதமொன்றில் 26 எலும்புகள் உள. அவ்வத்தனை எலும்பும், அவற்றைப் பிணிக்கும் நார்களும், மேலே போர்த்த தோலும் இவ்வேழு இலட்சம் அடிகளையும் தாங்க வேண்டும்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இவ்யாத்திரையை மேற்கொண்டு வருகின்றனர் என்பதை யான் அறிவேன். அவருள் இரு திறத்தார் உளர். ஒரு திறத்தார் சந்நிதியிலிருந்தே நடப்பவர். மற்றைத் திறத்தார் உத்தியோகத்தில் விடுப்புக் குறைந்தமையாலோ, இலண்டன், ரொறன்ரோ முதலிய நகரங்களிலிருந்து சில நாட்களுக்கு மட்டும் வந்தமையாலோ, பேருந்தில் பொத்துவில் சேர்ந்து, பாணமை வழியாக உகந்தைக்குச் சென்று, அங்கிருந்து காட்டுவழியை மட்டும் நடப்பவர். முன்னையோர் வழி நெடியது, பின்னையோர் வழி குறுகியது. ஆதலாற் பின்னையோர்க்குத் துன்பம் குறைவு என்று எண்ணுதல் இயல்பு. யான் கண்டவளவில் உண்மை இதற்கு மாறானது. சந்நிதியிலிருந்து வருவோர் உகந்தையை அடையும்போது அவர்தம் கால்கள் பல வாரம் பழகியவை. பின்னையோரோ பழகாத காலோடு, மணலும் முள்ளும் கச்சான் காற்றின் வெம்மையும் நிறைந்த, வைத்தியசாலைக்குச் சேய்மையான பகுதியிலேயே முதலடி வைக்கின்றனர். குறுவழியே கொடுவழியாதல் இவ்வாறுதான். ஆகவே இக்கட்டுரை எல்லோர்க்கும் உரியதேனும், சிறப்பாகப் பின்னையோரை நோக்கியே எழுதப்படுகின்றது.

முதலிற் கொப்புளத்தை எடுத்துக்கொள்வோம். நெடுநடையில் மிகுதியாக வருவதும், மிக இலேசாகத் தடுக்கத்தக்கதும் அதுவே. தோலின் மேற்பரப்பு உராய்ந்து தேய்வதாற் கொப்புளம் உண்டாகின்றது என்றே பலரும் கருதுவர். உண்மை சிறிது வேறு. ஒவ்வோர் அடியிலும் உள்ளே எலும்பு முன்னும் பின்னும் அசைகின்றது. வெளித்தோலோ செருப்பு வாரிலும் சப்பாத்தின் உட்புறத்திலும் ஒட்டிக்கொண்டு அவ்வளவு அசைவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்ட தோற்படைகள் ஆயிரக்கணக்கான முறை இழுபட்டு, ஈற்றில் உள்ளேயே கிழிகின்றன. கிழிந்த இடைவெளியில் நீர் ஊறி நிரம்புகின்றது. குதிக்காலிலும் உள்ளங்காலிலும் மேற்றோல் தடித்ததாதலின் அது பிய்ந்து போகாது கூரைபோல் மேலே நிற்க, உள்ளே நீர் கோத்துக் கொப்புளமாகின்றது.

இதனை அறிந்தால் தடுக்கும் வழியும் தானே புலப்படும். ஈரமான தோல் உலர்ந்த தோலினும் மிகுதியாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே வியர்வையும் ஆற்றுநீரும் கொப்புளத்தின் தோழர்கள். கும்புக்கன் ஆற்றைக் கடந்தவர் கரையேறியவுடன் ஈரக்காலைச் சப்பாத்துக்குள் திணித்துக்கொண்டு விரைதல் கூடாது. விரலிடுக்குகளையும் துடைத்துக் காலை உலரவிட்டே நடத்தல் வேண்டும். காலுறை அணிவோர், நம் வெப்பநாட்டுக்குப் பருத்தியே சிறந்தது என்று கொள்வது வழக்கம். உடுப்புக்கு அது பொருந்தும், நெடுநடைக் காலுறைக்குப் பொருந்தாது. பருத்தி வியர்வையை உறிஞ்சுவதோடு நில்லாது, தன்னிடத்தே பிடித்து வைத்துக்கொள்கின்றது. ஈரத்தை வெளியே கடத்தும் செயற்கை நூலாலான மெல்லிய காலுறை ஒன்றை உள்ளும், சற்றுத் தடித்த ஒன்றை மேலும் அணிந்தால், உராய்வு தோலை விட்டு நீங்கி இரு காலுறைகளுக்குமிடையே நிகழும். மணற்பாங்கான இடங்களில் ஒவ்வொரு தங்கலிலும் காலுறையைக் கழற்றி உதறுக. சிறுமணல் உள்ளே நின்று அரத்தின் வேலையைச் செய்யும்.

வசிலின் தடவுதல் பலர் கையாளும் முறை. தடவிய தொடக்கத்தில் உராய்வு குறைதல் மெய். ஆயினும் நேரஞ் செல்லச் செல்ல அப்பயன் கழிந்து, தோல் ஊறி மென்மையாகின்றது. ஆகவே காலையில் ஒருமுறை தடவிவிட்டு மாலைவரை அதனை நம்பியிருத்தல் தகாது. தொடையிடுக்கில் உராய்வு காண்போர்க்கு வசிலின் மிக நன்று. பாதத்துக்கு யான் மேலெனக் கொள்வது ஒட்டுநாடா. மருந்துக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய காகித ஒட்டுநாடாவை, கொப்புளம் வரக்கூடிய இடங்களில் முன்கூட்டியே ஒட்டி நெடுந்தூரம் ஓடுவோரிடத்தே ஸ்ரான்போட் பல்கலைக்கழக ஆய்வாளர் சோதித்து, ஒட்டிய இடங்களிற் கொப்புளம் பெரிதும் குறைந்ததாக 2016 இல் வெளியிட்டனர். சுருக்கமின்றி ஒட்டுதல் முக்கியம். சுருக்கமே புதியதோர் உராய்வுக்கு இடமாகிவிடும்.

இனி, எல்லாவற்றினும் முக்கியமான ஒன்று. கொப்புளம் முன்னறிவிப்பின்றி வருவதில்லை. நீர் கோப்பதற்கு முன்னே அவ்விடத்தில் ஒரு சூடு தோன்றும். மெல்லிய எரிவு என்றுஞ் சொல்லலாம். அச்சூடு தோன்றியவுடன் நின்று, காலை உலர்த்தி, நாடா ஒட்டி, வாரைத் தளர்த்தி அல்லது இறுக்கிச் சரிசெய்தால் ஐந்து நிமிடத்தோடு காரியம் முடிந்தது. நில்லாது ஒரு மணி நேரம் நடந்தால் ஐந்து நாட் துன்பம். மண்டூரிலிருந்து உகந்தைவரை ஒரு குழுவினரோடு யான் நடந்த காலத்தில், உடல்வலி மிக்க இளைஞர் ஒருவர் எங்களுள் முன்னணியில் நடந்தார். காலையில் எழுந்த எரிவை அவர் எவர்க்கும் சொல்லவில்லை. தம்மால் எல்லோரும் தங்க நேருமே என்ற கூச்சம். மாலையிற் செருப்பைக் கழற்றியபோது குதிக்காலின் தோல் ஒரு ரூபாய்க் குற்றியினும் பெரிதாக உரிந்திருந்தது. மறுநாள் அவர் பேருந்தில் ஊருக்குத் திரும்பினார். அறுபதைக் கடந்த அம்மையார் ஒருவரோ, அரைமணிக்கொருமுறை மரநிழலில் இருந்து காலைத் தடவிப் பார்த்துவிட்டே எழுந்தார். அவர் கதிர்காமம் சேர்ந்தார்.

வலியைப் பொறுத்தலும் நேர்த்தியின் ஒரு கூறே என்பார் உளர். அவருடைய பக்தியை யான் குறைத்துப் பேசேன். ஆயின் நேர்த்தி, கதிர்காமம் சென்று சேர்வதாகவன்றோ செய்யப்பட்டது? இடைவழியிற் காலைக் கெடுத்துக்கொள்வேன் என்று எவரும் வேலவனுக்கு வாக்குக் கொடுத்ததில்லை. குழுவை நடத்திச் செல்லும் பெரியவர், புறப்படும்போதே "எரிவு கண்டவர் உடனே சொல்லுங்கோ, எல்லாரும் நிற்போம்" என்று வெளிப்பட அறிவித்துவிட்டால், மேற்கூறிய கூச்சம் பெரும்பாலும் நீங்கும்.

தோன்றிவிட்ட கொப்புளத்தை என்செய்வது? சிறியதாய், நோவின்றி இருப்பின் உடையாது விடுக. மேற்றோலே அதற்குச் சிறந்த மருந்துக்கட்டு. சில நாளில் நீர் வற்றி உள்ளே புதுத்தோல் படரும். பெரியதாய், மிதிக்குமிடத்திலே இருந்து நடக்கவொட்டாது செய்யின், காலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்திற் குத்தி நீரை வெளியேற்றலாம். மேற்றோலை மட்டும் ஒருபோதும் உரித்தெறியலாகாது. ஊசியால் நூலைக் கோத்துக் கொப்புளத்தினூடே இழுத்து அந்நூலை உள்ளேயே விட்டுவைக்கும் பழக்கம் யாத்திரிகரிடையே உண்டு. அது கிருமிக்கு ஏணி வைத்தலாகும். சுற்றிலும் செம்மை படர்தல், சீழ், காய்ச்சல், புண்ணிலிருந்து மேனோக்கிச் செல்லும் செங்கோடு ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் நடையை நிறுத்தி வைத்தியரை நாடுக.

வெறுங்காலோடு நடக்கும் விரதத்தைப் பற்றி இங்கே கூறவேண்டும். வெறுங்கால் நடை கேடு என்று யான் கூறவில்லை. நாளும் வெறுங்காலோடு வயலிலும் தோட்டத்திலும் திரிபவனுக்கு இயற்கையே ஒரு தொடுதோல் செய்து கொடுத்திருக்கின்றது. கென்யா நாட்டில் வெறுங்காலோடு வாழ்வாரை ஆராய்ந்து 2019 இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த கட்டுரையொன்று, பாதக் காய்ப்பு எவ்வளவு தடித்திருப்பினும் நிலத்தை உணரும் ஆற்றல் அதனாற் குறைவதில்லை என்று காட்டியது. சப்பாத்தின் தடித்த அடியோ அவ்வுணர்ச்சியைக் குறைப்பது. ஆனால் அக்காய்ப்பு ஒரு திங்களில் விளைவதன்று. ஆண்டு முழுதும் மேசையின்கீழ்ச் சப்பாத்துக்குள் இருந்த கால், விரதநாள் வந்தவுடன் நண்பகற் தார்வீதியில் இறங்கினால் வெந்து போகும். வெறுங்காலாக நடக்க விரும்புவோர் சில மாதங்களுக்கு முன்பே முற்றத்திலும் கோயில் வீதியிலும் நாடோறும் பழகுக. வழியில், விடியற்காலை மூன்று நான்கு மணிக்குப் புறப்பட்டு வெயிலேறுமுன் தங்கலை அடைக. தார் சுடத் தொடங்கியபின் புல்லோரத்தை நாடுக. பித்தவெடிப்பு உள்ளவர் நாடோறும் இரவில் காலைக் கழுவி எண்ணெய் தடவிவர வேண்டும். வெடிப்பினூடே மண்ணும் கிருமியும் ஆழச் செல்லும். நெருஞ்சியும் சூரையும் தைத்த இடத்தில் முள்ளின் நுனி உள்ளே முறிந்து நின்றுவிடாதபடி பார்த்து எடுத்துக் கழுவுக. ஏற்பு ஊசி போட்டுக் காலமாயிற்றெனின் புறப்படுமுன்னரே வைத்தியசாலையில் அதனைப் போட்டுக்கொள்க. இருளில் நடப்போர் ரோச் விளக்கும் ஊன்றுகோலும் இன்றிச் செல்லலாகாது. பாம்பு தீண்டுவது பெரும்பாலும் காலிலே. தீண்டினால் கட்டுதலும் கீறுதலும் உறிஞ்சுதலும் செய்யாது, காலை அசையாது வைத்துத் தாமதமின்றி வைத்தியசாலை சேர்க்க வேண்டும்.

எலும்பின் கதை வேறு. தோலின் நோவு அன்றன்றே தெரியும். எலும்போ நாட்கணக்காக மௌனமாயிருந்து பின்னர் பேசும். 1855 இல் பிரசியப் படையின் வைத்தியராகிய பிறைத்தௌப்ற் என்பார், நெடுநடை நடந்த போர்வீரர் சிலர் பாதம் வீங்கி நோவுற்றதைக் கண்டு எழுதினார். அடிபட்டதில்லை, விழுந்ததில்லை, ஆயினும் பாதம் வீங்கியது. நார்களில் ஏற்பட்ட அழற்சியென்றே அக்காலத்தோர் எண்ணினர். 1895 இல் றொஞ்சன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த பின்னர், 1897 இல் அப்படிப்பட்ட பாதங்களை அக்கதிரால் நோக்கியபோதுதான், விரல்களின் பின்னே நீண்டு கிடக்கும் ஐந்து எலும்புகளுள் ஒன்று முறிந்திருத்தல் தெரிந்தது. இதனை இன்றும் 'அணிநடை முறிவு' என்னும் பொருள்படும் பெயரால் ஆங்கில வைத்தியர் வழங்குவர்.

அடிபடாத எலும்பு எவ்வாறு முறியும்? எலும்பு கல்லன்று, உயிருள்ள பொருள். புதிய பாரம் வந்தால் தன்னை வலுப்படுத்திக்கொள்ளும். ஆனால் பழைய வீட்டைத் திருத்துவோன் முதலில் ஓட்டைக் கழற்றுவதுபோல, எலும்பும் பழைய பகுதியை முதலில் அரித்தகற்றிவிட்டே புதியதைக் கட்டுகின்றது. கழற்றியதற்கும் கட்டுவதற்கும் இடையேயுள்ள சில வாரங்கள் அது வலுக் குன்றியிருக்கும். அக்காலத்தில் ஓய்வின்றிப் பாரம் ஏற்றிக்கொண்டே போனால் மயிரிழைபோன்ற வெடிப்புத் தோன்றி, முறிவில் முடியும். ஆகவே பயிற்சியைத் திடீரெனத் தொடங்குதலும் தீது, யாத்திரைக்கு முந்திய வாரத்திற் கடுமையாக நடந்து பழகுதல் அதனினுந் தீது. எட்டு வாரம் முன்னதாகத் தொடங்கி, நாளொன்றுக்கு மூன்று நான்கு கிலோமீற்றரிலிருந்து சிறிது சிறிதாக ஏற்றி, வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வு கொடுத்து, இறுதி இரு வாரங்களில் இரண்டு மூன்று முறையேனும் அடுத்தடுத்த இரு நாட்கள் நெடுந்தூரம் நடந்து பார்த்தல் தக்கது. அவ்விரண்டாம் நாள் நடையே காலின் உண்மையைச் சொல்லும். யாத்திரையில் அணியும் அதே செருப்பு அல்லது சப்பாத்தோடு, சுமக்கும் அதே பையோடு பழகுக. பையின் பாரம் உடற்பாரத்திற் பத்திலொன்றை மிஞ்சாதிருத்தல் நன்று. வழிநெடுக அன்னதானம் அளிக்கும் ஊர்களினூடே செல்வோர் ஏன் அரிசி சுமக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. சப்பாத்து வாங்குவோர் கால் சற்று வீங்கியிருக்கும் மாலைப்பொழுதிற் சென்று, நெடுவிரலின் முன்னே ஒரு பெருவிரல் அகலம் இடம் விட்டு வாங்குக.

பாதத்தின் மேற்புறத்திலோ முன்னங்கால் எலும்பிலோ ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் நோவு இருந்து, நடக்க நடக்கக் கூடி, நாளடைவில் ஓய்விலும் நீங்காதிருப்பின், அது எலும்பின் குரல் என்று கொள்க. தசைநோவு பரந்து நிற்கும், இளகினாற் குறையும். எலும்புநோவு ஓரிடத்தில் நின்று மிகும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ் கதிர்ப் படத்தில் வெடிப்புத் தெரியாமலும் போகலாம். படம் தெளிவாயிருக்கின்றது என்றதனாலேயே மீண்டும் நடக்கப் புகுதல் ஆகாது.

காலையில் எழுந்து முதலடி வைக்கும்போது குதிக்காலில் ஊசி தைத்தாற்போல நோவது வேறொன்று. உள்ளங்காலின் அடிநார் குதியெலும்போடு சேருமிடத்தில் நொந்திருத்தலின் அடையாளம் அது. பெருவிரலைக் கையாற் பற்றி மேனோக்கி வளைத்து அடிநாரை நீட்டுதலும், ஆடுதசையைச் சுவரில் ஊன்றி நீட்டுதலும், தேய்ந்த றப்பர்ச் செருப்பை விட்டொழித்தலும் பெரும்பாலார்க்குப் பயன் தரும்.

இனி, நீரிழிவு உடையாரைப் பற்றி விரித்தே சொல்ல வேண்டும். இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள் அந்நோய் உடையார் பலர் இருப்பர் என்பது என் துணிபு. மேலே, எரிவு தோன்றியவுடன் நிற்க என்றேன். முள் தைத்தால் எடுக்க என்றேன். தார் சுட்டால் விலக என்றேன். இவையெல்லாம் உணரும் காலுக்கே ஆகும். நாட்பட்ட நீரிழிவு பாதத்தின் நரம்புகளைக் கெடுத்து உணர்ச்சியை மெல்ல மெல்லப் பறிக்கின்றது. எரிவும் இல்லை, நோவும் இல்லை. நோவில்லாமையை நலம் என்று அவர் எண்ணுகின்றார். மாலையிற் காலுறையில் இரத்தம் கண்டபின்னரே புண் தெரிகின்றது. இரத்தவோட்டமும் குன்றிய காலில் அப்புண் ஆறாது அழுகி, விரலையும் சிலபோது காலையுமே இழக்க நேர்கின்றது. நடந்து வந்த காலைக் காணிக்கையாகக் கேட்கும் தெய்வம் எதுவுமில்லை.

உணர்ச்சி உண்டோ இல்லையோ என்பதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகர வைத்தியர் 2011 இல் வெளியிட்ட எளிய சோதனை இது. நோயாளி கண்ணை மூடிக்கொண்டிருக்க, மகனோ மனைவியோ சுட்டுவிரல் நுனியால் அவருடைய இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகிய ஆறு விரல்களின் நுனியையும் ஒவ்வொன்றாக, ஓரிரு விநாடி, மிக மென்மையாகத் தொட வேண்டும். அழுத்தலும் தடவலும் கூடா. தொட்டது உணர்ந்தபோதெல்லாம் அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படவில்லையெனின் உணர்ச்சி குன்றியுள்ளதென்று கொள்ளலாம். வைத்தியசாலையில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையால் இதனை மேலும் செவ்வையாகச் சோதிப்பர். இச்சோதனையில் தவறியவர் வெறுங்காலோடு நடத்தல் அறவே கூடாது. நீரிழிவு உடையார் எவரும் தாமே கொப்புளத்தைக் குத்துதலும், காய்ப்பைப் பிளேட்டினால் சீவுதலும், சூட்டு ஒத்தடமிடுதலும் செய்யலாகாது. நாடோறும் இருமுறை உள்ளங்காலை ஒரு சிறு கண்ணாடியால் நோக்குக. அணியுமுன் சப்பாத்துக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்க. புண்ணுள்ளவர் அது ஆறும்வரை யாத்திரையை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தலே தகும். வாகனத்தில் உகந்தைக்குச் சென்று வணங்கி மீளுதல் எவ்வகையிலும் குறைவுடையதன்று.

மாணவர்க்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். சாரணராகவும் சுற்றுலாவாகவும் நீங்கள் பெரும்பாலும் ஏறுவது 2,243 மீற்றர் உயர்ந்த சிவனொளிபாதமலை. ஏறும்போது மூச்சு வாங்கும், கால் கெடுவதோ பெரும்பாலும் இறங்கும்போது. சூரியோதயம் கண்ட மகிழ்ச்சியிற் படிகளில் ஓடி இறங்குவீர்கள். ஒவ்வொரு படியிலும் உடற்பாரம் முழுதும் முழங்காலிலே மோதும். தொடைத் தசைகள் நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதால் மறுநாள் படியிறங்கவும் முடியாது நோவெடுக்கும். விரல்கள் சப்பாத்தின் நுனியில் இடித்து நகத்தின்கீழ் இரத்தம் கட்டிக் கறுக்கும். நகத்தை முன்னரே நேராக வெட்டுக. மூலைகளை ஆழ வெட்டின் அது சதைக்குள் வளரும். இறங்குமுன் சப்பாத்தின் கயிற்றைக் கணுக்காலருகே இறுகக் கட்டுக. முழங்காலைச் சிறிது மடித்து, குறுகிய அடிகளாக வைத்து, கைப்பிடியையோ ஊன்றுகோலையோ பற்றி இறங்குக.

கணுக்கால் பிசகினால் உடனே எண்ணெய் தேய்த்து உருவுதல் நம் ஊர் வழக்கம். முதல் இரு நாள் உருவுதலும் சூடு காட்டுதலும் வீக்கத்தை மிகுவிக்கும். துணிப்பட்டியால் இதமாகச் சுற்றி, காலை உயர்த்தி வைத்து, குளிர் ஒத்தடமிடுக. எலும்பு முறிந்ததோ என்ற ஐயத்துக்குக் கனடா நாட்டின் ஒட்டாவா வைத்தியர் 1992 இல் வகுத்த விதிகள் பெரிதும் உதவும். பிசகிய காலோடு நான்கு அடி வைக்க முடியவில்லையெனினும், கணுக்காலின் இருபுறத்து எலும்பு முனைகளின் பின்னோரத்தை அழுத்தும்போது கடுநோவு தோன்றினும், எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தே தீரவேண்டும்.

கதிர்காமத்தை அடைந்தபின் செய்யத்தக்கதும் உண்டு. மாணிக்க கங்கையிலே தீர்த்தமாடாது எவரும் மீளார். திறந்த புண்ணோடு நெடுநேரம் நீரில் நிற்பது எலிக்காய்ச்சல் முதலிய நோய்க்கு இடமளிக்கும். புண்ணை நீர்புகாதபடி மூடிக்கொண்டு விரைவில் முழுகியெழுந்து, நல்ல நீராற் கழுவித் துடைத்து மருந்திடுக. பின்பு பல நாட்களில் காய்ச்சலும் தசைநோவும் கண்டால், ஆற்றில் முழுகிய செய்தியை வைத்தியருக்கு மறவாது சொல்க. நாள் முழுதும் நடந்தவர் உடனே பேருந்தில் ஏறிப் பத்து மணி நேரம் காலைத் தொங்கவிட்டிருந்தால் இரு கால்களும் வீங்குதல் இயல்பே. படுத்துக் காலை உயர்த்திவைத்தால் அது வடியும். ஒரு காலின் ஆடுதசை மட்டும் வீங்கி, சூடேறி, நொந்தால் அது களைப்பன்று. குருதி உறைந்து நாளத்தை அடைத்திருக்கலாம். அந்நிலையில், மறுவாரம் இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ விமானமேற இருப்பவர் பயணத்தை எண்ணாது அன்றே வைத்தியசாலைக்குச் சென்று காட்டுக.